கொத்தே குறையென்றால் அளவு நிறையுமா?

எமது ஊர்களிலே அரிசியும் நெல்லும் கொத்தினால் அளக்கப்பட்ட காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அடிப்புறம் உள்நோக்கி நெளிந்துபோன கொத்தினால் அளந்தால், அளப்பவர் எவ்வளவு நேர்மையாளராயினும் வாங்குபவருக்குக் குறைவாகவே கிடைக்கும். அளப்பவரின் கையிற் கள்ளமில்லை, எண்ணிக்கையிலும் பிழையில்லை. குறை அளவையிலேயே இருக்கிறது. அதனாலேயே அது எவர் கண்ணிலும் எளிதிற் படுவதில்லை.

அரச அலுவலகம், வைத்தியசாலை, மாநகர சபை, பாடசாலைச் சபை ஆகியவற்றிலும் இத்தகைய ஓர் அளவை உண்டு. எந்த வேலைக்கு எவ்வளவு பெறுமதி, எந்தப் பதவி எந்தச் சம்பளப் படியில் நிற்கவேண்டும் என்று தீர்மானிக்கும் அந்த முறைக்குப் பணிமதிப்பீடு என்று பெயர். அந்த அளவை ஆணின் வேலைக்கு நிறைவாகவும் பெண்ணின் வேலைக்குக் குறைவாகவும் அளக்கிறதா என்ற கேள்வி, கனடாவின் அரசுகளையும் தொழிற்சங்கங்களையும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களுக்கு இழுத்து வந்திருக்கிறது.

இது வேற்றாரின் வழக்கு என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. அகதிகளாக இந்நாட்டுக்கு வந்த எமது பெண்களிற் பலர் முதியோர் இல்லங்களிலும், வைத்தியசாலைச் சமையற்கூடங்களிலும், துப்புரவுப் பணியிலும், சிறுவர் பராமரிப்பு நிலையங்களிலும் உழைக்கின்றனர். பெண்களின் வேலை என்று பெயர்பெற்றுவிட்டதனாலேயே குறைவாக அளக்கப்பட்டவை இந்தப் பணிகள்தாம்.

சம வேலையும் சம பெறுமதியும்

முதலில் இரண்டு கோட்பாடுகளை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒன்று, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் 1984 ஆம் ஆண்டு வரை தொழிலாளரின் நாட்சம்பளம் ஆணுக்கு ஒன்றாகவும் பெண்ணுக்கு அதனிலும் குறைவாகவும் இருந்தது. தொழிற்சங்கப் போராட்டத்தின் பின்னரே அந்த வேற்றுமை நீங்கியது. அங்கே அநீதி சம்பளப் பதிவேட்டிலேயே எழுதப்பட்டிருந்தது, எவரும் வாசித்தறியலாம்.

மற்றையது, சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம சம்பளம். ஒரு நிறுவனத்தில் தாதியர் அனைவரும் ஒரே சம்பளம் பெறலாம். களஞ்சியக் காவலர் அனைவரும் ஒரே சம்பளம் பெறலாம். ஆனால், முன்னவருள் ஏறத்தாழ எல்லாரும் பெண்கள், பின்னவருள் ஏறத்தாழ எல்லாரும் ஆண்கள் என்ற நிலையில், இரு பணிகளும் ஒத்த திறனையும் பொறுப்பையும் வேண்டி நிற்க, ஒன்றுக்கு மட்டும் சம்பளம் குறைவானால் அதை என்னென்பது? இங்கே பதிவேட்டில் ஆண் என்றோ பெண் என்றோ ஒரு சொல்லும் இல்லை. அநீதி இருவேறு வேலைகளுக்கிடையே ஒளிந்து நிற்கிறது.

இந்த இரண்டாவது கோட்பாட்டையே சர்வதேசத் தொழில் தாபனம் 1951 ஆம் ஆண்டின் 100 ஆவது சமவாயத்தில் உலகின்முன் வைத்தது. கனடா அதனை 1972 இலும் இலங்கை 1993 இலும் ஏற்றுக்கொண்டன. கனடாவின் மனித உரிமைச் சட்டம் 1977 இல் நிறைவேறியபோது அதன் 11 ஆம் பிரிவில் இக்கோட்பாடு இடம்பெற்றது. ஒன்ராறியோ மாகாணமோ 1987 இல் சம்பளச் சமத்துவத்துக்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. பொதுத்துறை முழுவதையும், பத்துப் பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட தனியார் நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்துகிறது. பெண்ணொருத்தி முறையிடும்வரை காத்திராமல், வேலை கொள்வோரே முன்வந்து தம் சம்பளத் திட்டத்தைச் சோதிக்கவேண்டும் என்று விதித்ததே அச்சட்டத்தின் சிறப்பு.

புள்ளித்திட்டம் எவ்வாறோ முடிவும் அவ்வாறே

பணிமதிப்பீடு எவ்வாறு நடைபெறுகிறது? ஒவ்வொரு பணியும் திறன், முயற்சி, பொறுப்பு, வேலைச்சூழல் என்னும் நான்கு தலைப்புகளின் கீழ் ஆராயப்படும். அவை உட்கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் புள்ளி இடப்படும். கூட்டுத்தொகை ஒத்திருந்தால் பணிகளின் பெறுமதியும் ஒத்தது எனக் கொள்ளப்படும். கேட்பதற்கு இது கணிதம் போன்றே தோன்றும். ஆனால், பல்கலைக்கழகத்தில் விடைத்தாள் திருத்திப் பழகிய எமக்கு ஒன்று தெரியும். எந்த விடைக்கு எத்தனை புள்ளி என்று முன்னரே வகுத்த திட்டத்திலே பாதி முடிவு அடங்கிவிடுகிறது. கேளாத கேள்விக்குப் புள்ளியும் கிடையாது.

ஐக்கிய அமெரிக்காவின் தொழில் திணைக்களம் வெளியிட்டு வந்த தொழிற்பெயர் அகராதி இதற்கு நல்லதோர் உதாரணம். 1965 இல் வெளியான அதன் மூன்றாம் பதிப்பு, ஒவ்வொரு தொழிலும் தகவல்களோடும் மனிதரோடும் பொருள்களோடும் எவ்வளவு சிக்கலான தொடர்புடையது என்பதை மூன்று இலக்கங்களாற் குறித்தது. இலக்கம் பெரிதாகும்தோறும் சிக்கல் குறைவு என்பது பொருள். பாலர் பாடசாலை ஆசிரியைக்கு இடப்பட்ட இலக்கங்கள் 878. தகவலோடு குறிப்பிடத்தக்க தொடர்பில்லை. மனிதரோடு உள்ள தொடர்பு பணிவிடை மட்டுமே. பொருள்களோடும் தொடர்பில்லை என்பதே இதன் விளக்கம். பிறர் பிள்ளையை வளர்க்கும் தாய்க்கும் அதே 878. நாய்களைப் பழக்குபவருக்கோ 228. நாயைப் பழக்குவது கற்றுப்பெற்ற திறனென்றும், பிள்ளையைப் பழக்குவது பெண்ணுக்குப் பிறவியில் வாய்த்த குணமென்றும் எண்ணியவர்களின் அளவை இது. இத்தகைய குறியீடுகள் கண்டனத்துக்குள்ளாகிப் பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் அவற்றைப் பிறப்பித்த எண்ணம் அத்துணை எளிதில் திருந்தவில்லை.

நெளிவு எங்கெங்கு விழுகிறதென்று பார்ப்போம். உடல் முயற்சி என்றால் பாரமான பெட்டியைத் தூக்குவது எண்ணப்படும். தானாக அசைய இயலாத முதியவரை நாளெல்லாம் புரட்டுவதும் எழுப்புவதும் எண்ணப்படாது. பெட்டி நோவென்று அலறுவதில்லை, தூக்குபவரைக் கடிப்பதுமில்லை என்பதை எவரும் நினைப்பதில்லை. வேலைச்சூழல் என்றால் வீதியின் குளிரும் இயந்திர எண்ணெயின் அழுக்கும் எழுதப்படும்; மலசலமும் வாந்தியும் தொற்றுநோயும், நினைவிழந்த நோயாளியின் வசையும் எழுதப்படா. பொறுப்பு என்றால் பணத்துக்கும் இயந்திரத்துக்கும் பொறுப்பு. மனித உயிருக்குப் பொறுப்பு அதனுள் அடங்குவதில்லை. வரவேற்பு மேசையில் ஒரே வேளையிற் பலருக்கு விடையிறுத்து, சினந்தவரை ஆற்றி அனுப்புவது இயல்பான இனிய சுபாவம் எனப்படுமேயன்றித் திறன் எனப்படுவதில்லை.

ஒவ்வாத இரண்டு பொருள்களை ஒப்பிடலாகாது, சம்பளத்தைச் சந்தையே நிர்ணயிக்கட்டும் என்று வாதிடுவோர் இருக்கின்றனர். ஆனால் பணிமதிப்பீடு பெண்ணுரிமைவாதிகள் கண்டுபிடித்ததன்று. எழுதுவினைஞரின் வேலையையும் மேற்பார்வையாளரின் வேலையையும் ஒரே ஏணியில் நிறுத்துவதற்காக நிர்வாகங்களே அதனைப் பல பத்தாண்டுகளாகக் கையாண்டு வந்தன. அப்பொழுதெல்லாம் ஒவ்வாதவற்றை ஒப்பிடுவது குற்றமாகத் தோன்றவில்லை. அதே ஏணியின் படிகளைப் பெண்கள் எண்ணிப்பார்க்கத் தொடங்கியபோதே அது குற்றமாயிற்று.

தாதியரும் பொலிசாரும்

ஒன்ராறியோச் சட்டம் வெறும் ஒப்பீட்டைக் கோரவில்லை. பால்நிலைச் சார்பற்ற ஒப்பீட்டைக் கோருகிறது. அதன் பொருளை விளக்கிய முக்கிய வழக்கு, ஈரி ஏரிக்கரையிலுள்ள ஹல்டிமண்ட்-நோர்போக் பிரதேச சபையின் தாதியர் தொடர்ந்தது. அவர்கள் தம் பணியைப் பொலிசாரின் பணியோடு ஒப்பிடுமாறு கேட்டனர். பொலிசார் சபையின் ஊழியர் அல்லர் என்ற மறுப்பு முதலில் எழுந்தது. பிரதேச சபையே இரு சாராருக்கும் வேலை கொள்வோர் எனத் தீர்ப்பானது.

அதன்பின், 1991 இல், சம்பளச் சமத்துவத் தீர்ப்பாயம் நான்கு படிகளை வகுத்தது. பணி பற்றிய தகவலைச் சரியாகவும் முழுமையாகவும் திரட்டல். அத்தகவலுக்குப் பெறுமதி இடும் கருவியைத் தெரிவுசெய்தல். அக்கருவியைப் பணிகள்மீது பிரயோகித்தல். இறுதியாகப் பணிகளை ஒப்பிடல். இவற்றுள் எந்தப் படியிலும் சார்பு நுழையலாம். ஆகையால் ஒவ்வொரு படியிலும் சார்பின்மை வேண்டும். பெண்களின் பணியில் வழக்கமாகக் கவனிக்கப்படாத அம்சங்களை வெளிச்சத்துக்குக் கொணர்வதே சட்டத்தின் கடமை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சார்பின்மை என்றவுடன், ஆண் பெண் என்ற பேச்சையே எடுக்காமல் எல்லாரையும் ஒரே படிவத்தால் அளப்பது என்று பலர் எண்ணுகின்றனர். அது போதாது. படிவமே ஆண்களின் பணிகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டிருந்தால், எல்லாருக்கும் ஒரே படிவத்தை நீட்டுவது சார்பைப் பொதுவாக்குவதேயன்றி அகற்றுவதன்று. இதுவரை எழுதப்படாதவற்றைத் தேடி எழுதுவதே சார்பின்மையின் முதற்படி.

சங்கமும் நிர்வாகமும்

இந்த அளவையை யார் தெரிவுசெய்வது? தொழிற்சங்கம் உள்ள இடத்தில், ஒப்பீட்டுமுறையையும் சம்பளச் சமத்துவத் திட்டத்தையும் நிர்வாகமும் சங்கமும் நல்லெண்ணத்தோடு பேசித் தீர்மானிக்கவேண்டும் என்கிறது ஒன்ராறியோச் சட்டம். அதனால் பணிமதிப்பீடு நிபுணர்களின் மூடிய அறையிலிருந்து பேச்சுவார்த்தை மேசைக்கு வந்துவிட்டது. இது பெரிய மாற்றம். ஆயின் அம்மேசையிலும் இடர்கள் உண்டு.

சங்கங்களும் நெடுங்காலம் ஆண்களின் கையில் இருந்தவையே. உடன்படிக்கை பேசும்போது பெண்களின் கோரிக்கை கடைசியில் வைக்கப்பட்டு, வேறு சலுகைக்காக விட்டுக்கொடுக்கப்படுவதும் நடந்ததுண்டு. எனவே சட்டம் சங்கத்தையும் கட்டுகிறது. சமத்துவத்துக்கு முரணான சம்பள ஏற்பாட்டுக்கு நிர்வாகமோ சங்கமோ உடன்படலாகாது. பெண்களுக்கு உயர்த்துவதற்காக எம் சம்பளத்தைக் குறைப்பார்களோ என்று அஞ்சும் ஆண் தொழிலாளருக்கும் சட்டத்தில் விடையுண்டு. சமத்துவத்தை எட்டுவதற்காக எவருடைய சம்பளத்தையும் குறைக்கலாகாது.

ஆனால் ஒரு வாயிலைச் சட்டம் திறந்தே வைத்திருக்கிறது. சமத்துவம் ஒருமுறை எட்டப்பட்டபின், பேரம்பேசும் வலுவின் காரணமாக எழும் சம்பள வேற்றுமை அனுமதிக்கப்படுகிறது. வலுவுள்ள சங்கம் ஆண்களுடையதாகவும் வலுவற்றது பெண்களுடையதாகவும் இருந்தால், முன்வாயிலால் வெளியேறிய வேற்றுமை இவ்வாயிலால் மீண்டும் நுழையலாம். சங்கக் கூட்டங்களுக்குப் போகாதிருப்பதன் விலை என்னவென்று இதிலிருந்து நாம் அறியலாம்.

காலம் என்னும் மறுப்பு

சட்டம் உண்டு, தீர்ப்பும் உண்டு. பணம் எப்பொழுது வரும்? கனடா மத்திய அரசின் எழுதுவினைஞர்களுக்காக அரசுப்பணி ஊழியர் சங்கம் 1984 இல் முறையிட்டது. அரசும் சங்கங்களும் 1985 இல் கூட்டு ஆய்வொன்றைத் தொடங்கின. 1990 இல் அது முறிந்தது. மதிப்பீட்டுக் குழுக்கள் பெண்களின் பணிக்கு அதிக புள்ளி இட்டுவிட்டன என்று அரசு வாதிட்டது. குறைவாக அளந்த காலத்தில் எழாத ஐயம், சற்று நிறைவாக அளந்தவுடன் எழுந்தது! 1998 ஜூலையில் மனித உரிமைத் தீர்ப்பாயம் ஊழியர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு மேன்முறையீடு செய்து, 1999 ஒக்டோபரில் அதிலும் தோற்றது. அம்மாதமே ஏறத்தாழ 360 கோடி டொலர் தருவதற்கு உடன்பாடு கண்டது. சேவையில் இருந்தோரும் விலகியோருமாக ஏறத்தாழ 2 இலட்சத்து 30 ஆயிரம் பேருக்கு உரிய தொகை அது. பதினைந்து ஆண்டுகளாக அவர்களின் சம்பளத்திலிருந்து ஒவ்வொரு பட்டுவாடாவிலும் குறைந்து வந்த பணம் என்பதே அதன் மெய்ப்பெயர்.

தபாற் சேவையின் வழக்கு இதனினும் நீண்டது. பெரும்பாலும் பெண்களாயிருந்த எழுதுவினைஞரைத் தபால் விநியோகிப்போரோடும் தரம்பிரிப்போரோடும் ஒப்பிட்ட முறைப்பாடு 1983 இல் தாக்கலானது. உச்ச நீதிமன்றத்தின் இறுதிச் சொல் 2011 நவம்பரில் வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள்! காத்திருந்தவர்களுள் முதுமையடைந்தோரும் மறைந்தோரும் உளர்.

நியூபவுண்ட்லாந்தில் நடந்தது வேறுவகை. சுகாதார சேவைப் பெண் ஊழியருக்குச் சமத்துவம் வழங்க மாகாண அரசு 1988 இல் ஒப்பந்தம் செய்தது. 1991 இல் நிதி நெருக்கடி என்று கூறிச் சட்டமொன்றினால் அதனை மூன்றாண்டுகள் பின்தள்ளி, அவ்வாண்டுகளுக்குரிய ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் டொலரை அழித்துவிட்டது. இது பெண்களுக்கு எதிரான பாரபட்சமே என்று 2004 இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் நெருக்கடியின் கடுமையைக் கருதி அது நியாயப்படுத்தத்தக்கது என்று முடித்தது. 2006 இல் மாகாண அரசு அத்தொகையைத் தானே முன்வந்து வழங்கியது. வழக்கிலே தோற்ற பெண்கள் பொது மனச்சாட்சியிலே வென்றார்கள் எனலாம். ஆனால் நெருக்கடி வந்தால் முதலில் எவருடைய உரிமை தள்ளிவைக்கப்படும் என்பதையும் அத்தீர்ப்பு காட்டிவிட்டது.

ஒப்பிட ஆணில்லாத இடம்

எமது பெண்களுக்கு மிக நெருக்கமான சிக்கல் வேறொன்று. பெண்களின் பணியை அதே நிறுவனத்திலுள்ள ஆண்களின் பணியோடு ஒப்பிடுவதே சட்டத்தின் அடிப்படை. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பவர், சமைப்பவர், துடைப்பவர் யாவரும் பெண்களேயானால் யாரோடு ஒப்பிடுவது? ஒப்பிட ஆண் இல்லை என்பதாலேயே ஒரு வேலைத்தலத்தின் குறைசம்பளம் சட்டத்துக்கு எட்டாததாகிவிடுமா?

இதற்கு விடையாக 1993 இல் ஒன்ராறியோச் சட்டம் பதிலொப்பீட்டு முறையைச் சேர்த்தது. அதன்படி, பொதுத்துறையில் அத்தகைய நிறுவனங்கள், ஏற்கெனவே சமத்துவம் கண்ட வேறொரு பொது நிறுவனத்தில், உதாரணமாக மாநகர சபையின் முதியோர் இல்லத்தில், அதேபோன்ற பணிசெய்யும் பெண்களோடு தம் ஊழியரை ஒப்பிடவேண்டும். 1996 இல் மாகாணத்தின் புதிய அரசு செலவுக் குறைப்பின் பெயரால் இம்முறையை நீக்கியது. சேவைத் தொழிலாளர் சங்கமொன்று வழக்குத் தொடர, 1997 இல் நீதிமன்றம் அந்நீக்கம் அரசியலமைப்புக்கு முரணானதென்று கூறி முறையை மீட்டளித்தது.

அத்துடன் முடியவில்லை. ஒருமுறை கண்ட சமத்துவத்தை ஆண்டுதோறும் பேணும்போதும் வெளி நிறுவனத்தோடு ஒப்பிடவேண்டுமா என்ற வழக்கு தொடர்ந்தது. வேண்டும் என்று 2021 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அதற்கெதிரான மேன்முறையீட்டைக் கேட்க உச்ச நீதிமன்றம் அவ்வாண்டே அனுமதி மறுத்தது. கொரோனாப் பெருந்தொற்றில் முதியோர் இல்லங்கள் பட்ட பாட்டை நாடே கண்ட காலம் அது. அத்தியாவசியமானவர் என்று போற்றப்பட்ட அப்பெண்களின் சம்பளத்தை எதனோடு ஒப்பிடுவது என்பதே அப்பொழுதும் வழக்காக இருந்தது.

மத்திய அரசின் அதிகாரத்துக்குட்பட்ட பணிகளுக்கு 2018 இல் இயற்றப்பட்ட தனிச்சட்டம் 2021 ஓகஸ்ட் 31 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்கீழ் அமையும் குழுக்களில் மூன்றில் இரண்டு பங்கினராவது ஊழியரின் பிரதிநிதிகளாகவும், பாதிப்பேராவது பெண்களாகவும் இருத்தல் வேண்டும். அளவையைச் செய்யும் இடத்தில் அளக்கப்படுபவரும் அமரவேண்டும் என்பது இவ்வளவு காலம் கழித்துச் சட்டமாயிற்று.

சும்மா என்ற சொல்

இனி எமது கடமை என்ன? பணிமதிப்பீடு பெரும்பாலும் ஒரு படிவத்திலிருந்தே தொடங்குகிறது. உமது பணி யாது என்று ஊழியரிடம் அது கேட்கிறது. ஹல்டிமண்ட்-நோர்போக் தீர்ப்பின் முதற்படியும் இதுவே. இங்கே தவறிய தகவலை அடுத்த எந்தப் படியும் மீட்டுத் தராது.

எமது பெண்களிடம் என்ன வேலை என்று கேட்டால், "சும்மா வயது போனவைக்கு உதவி செய்யிறதுதான்" என்று விடை வரும். இது அடக்கத்தின் பேச்சு. எமது சமூகம் தலைமுறைகளாக அவர்களுக்குக் கற்பித்த பேச்சு. வீட்டில் அவர்கள் செய்ததை வேலையென்று நாமே எண்ணியதில்லை. இங்கும் அதே பணியைச் சம்பளத்துக்குச் செய்யும்போது அதனைச் சும்மா என்றே சொல்கின்றனர். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் கை இரண்டு வரியோடு நின்றுவிடுகிறது. மதிப்பீட்டுக் குழு அந்த இரண்டு வரிக்குத்தான் புள்ளி இடும்.

ஆகையால் எழுதுங்கள். ஒரு முறைவேலையில் எத்தனை பேரைக் குளிப்பாட்டுகிறீர்கள், எத்தனை முறை தூக்குகிறீர்கள், மருந்தை மறுப்பவரை எவ்வாறு இணங்கவைக்கிறீர்கள், பேச்சிழந்தவரின் நோவை எதனால் அறிகிறீர்கள், அடியும் வசையும் எத்தனை முறை வாங்குகிறீர்கள், இறப்பவரின் அருகே யார் இருக்கிறார்கள், இவற்றையெல்லாம் எண்ணிக்கையோடு எழுதுங்கள். ஆங்கிலம் தடையானால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்; தாய் பகலெல்லாம் என்ன செய்கிறாள் என்பதை அவர்களும் அறிந்துகொள்ளட்டும். கணவன்மாருக்கும் ஒன்று சொல்வோம். மனைவியின் சங்கக் கூட்டத்தை வீண்வேலை என்று தடுக்காதீர்கள். வீட்டு வாடகைக்கு வரவேண்டிய பணத்தைப் பற்றித்தான் அங்கே பேசுகிறார்கள்.

சங்கம் இல்லாத இடத்தில் வேலை செய்வோரும் கைவிடப்பட்டவரல்லர். ஒன்ராறியோவில் சம்பளச் சமத்துவ அலுவலகத்திடம் முறையிடலாம். தம் பெயர் வெளிப்படுவதை விரும்பாதோர் முகவர் ஒருவர் வாயிலாகவும் முறையிடலாம். முறையிட்டமைக்காகப் பழிவாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. திட்டம் வகுக்கப்பட்ட வேலைத்தலத்தில் அதனை ஊழியரின் கண்ணிற் படுமாறு ஒட்டிவைக்க வேண்டும் என்பதும் சட்டமே. உங்கள் பணிக்கு எதிரே எந்த ஆண் பணி ஒப்பாக வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு விடை தரவேண்டியது அவர்களின் கடமை. கேட்பது எமது கடமை.